பகிர்ந்தால் ஓடும் வண்டி

உலகத்திலுள்ள சொத்துக்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பெட்டியில் வைத்துப் பூட்டினாலும் கெடாமல் இருப்பது ஒரு வகை. பூட்டி வைத்தால் அழிந்து போவது மற்றொரு வகை. பொன்னும் மணியும் முதல் வகையைச் சேர்ந்தவை. கல்வி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அது கொடுக்கக் கொடுக்க வளரும் என்று பெரியோர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். பழைய மோட்டார் ஸைக்கிளையும் இந்த இரண்டாவது வகையில்தான் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னால் நேயர்கள் நகைக்கக் கூடும். ஆயினும் கட்டுரையை முடிக்கும்போது அவர்களும் என் கட்சிக்கு வந்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

சென்ற சில ஆண்டுகளாக நம் நாட்டுப் பெரிய நகரங்களிலும், சிறிய ஊர்களிலுங்கூட, பழைய ஜப்பானிய மோட்டார் ஸைக்கிள்களை வைத்திருப்பவர்கள் ஒன்று கூடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு தேநீர்க் கடையின் முன் வண்டிகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். ஒருவர் வண்டியை மற்றொருவர் பார்க்கிறார், தொட்டுப் பார்க்கிறார், காது கொடுத்துக் கேட்கிறார். படங்கள் கை மாறுகின்றன. பழைய கையேடுகள் கை மாறுகின்றன. சில சமயம், வேறெங்கும் விலைக்குக் கிடைக்காத ஓர் உறுப்பும் கை மாறுகிறது. பொழுது போகாதவர்களின் வேடிக்கை என்று இதை ஒதுக்கி விடலாமா? கூடாது என்பதே என் அபிப்பிராயம். காரணத்தைச் சொல்வதற்கு முன் இந்த வண்டிகள் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

வீழ்ச்சியில் விளைந்த தொழில்

ஜப்பானில் ஹமமாட்ஸு என்று ஒரு நகரம் இருக்கிறது. அதன் அருகே ஒரு கொல்லர் வீட்டில் 1906-ஆம் ஆண்டு பிறந்தவர் ஸோயிசிரோ ஹோண்டா. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. 1922-இல் டோக்கியோவிலுள்ள ஒரு மோட்டார்ப் பழுது பார்க்கும் சாலையில் வேலைக்கு அமர்ந்து தொழில் கற்றார். பின்பு பிஸ்டன் வளையங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். யுத்தம் வந்தது. அவருடைய தொழிற்சாலைகளில் ஒன்று விமானக் குண்டுக்கு இரையாயிற்று. மற்றொன்று 1945-ஆம் ஆண்டு பூகம்பத்தில் இடிந்து விழுந்தது.

தேசம் தோற்றுக் கிடந்தது. ரயில்களில் கால் வைக்க இடமில்லை, பெட்ரோலுக்கும் பஞ்சம். அப்போது 1946-இல் ஹோண்டாவின் கண்ணில் ஒரு பொருள் பட்டது. ராணுவத்தார் தங்கள் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் உண்டாக்குவதற்காகச் செய்து வைத்திருந்த சிறிய எஞ்சின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றை வாங்கிச் சாதாரண ஸைக்கிள்களில் பொருத்தினார். முதன்முதல் செய்த வண்டிக்குக் குளிர்காலத்தில் வெந்நீர் நிரப்பிப் படுக்கையில் வைத்துக் கொள்ளும் பாத்திரமே பெட்ரோல் தொட்டியாக அமைந்தது! பெட்ரோல் போதாமல் தேவதாரு வகை மரத்திலிருந்து எடுத்த எண்ணெயையும் அதனுடன் கலந்தார்கள். கொலைக் கருவிக்குத் துணையாயிருந்த யந்திரம் சந்தைக்குப் போய்வரும் ஸைக்கிளை இழுக்கலாயிற்று. ராணுவ எஞ்சின்கள் தீர்ந்து போனதும் 1947-இல் சொந்தமாகவே எஞ்சின் செய்தார். 1948-இல் ஹோண்டா கம்பெனி உதயமாயிற்று.

மற்ற மூன்று கம்பெனிகளின் பூர்வாசிரமமும் இதே போல் சுவையானது. ஸுஸுகி கம்பெனி 1909-இல் நெசவுத் தறி செய்யத் தொடங்கியது; 1952-இல்தான் ஸைக்கிளில் பூட்டும் 36 கன சென்டிமீட்டர் எஞ்சினை வெளியிட்டது. யமஹாவின் மூலபுருஷர் 1887-இல் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆர்மோனிய வாத்தியத்தைப் பழுது பார்க்கப் போய், வாத்தியத் தொழிலில் இறங்கியவர். அக்கம்பெனி 1955-இல் வெளியிட்ட முதல் மோட்டார் ஸைக்கிளை ஜப்பானியர் ‘செந்தும்பி’ என்று செல்லமாக அழைத்தனர். கவாஸாகி கப்பலும் விமானமும் கட்டிய கம்பெனி. யுத்தத்துக்குப் பின் அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சிறிய கம்பெனிகள் மோட்டார் ஸைக்கிள் செய்யத் தொடங்கின. போட்டியில் நிலைத்து நின்றவை இந்த நான்கே.

இவர்கள் முதலில் பிறரைப் பார்த்துக் கற்றுக் கொண்டவர்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. யமஹாவின் ‘செந்தும்பி’யே ஒரு ஜெர்மன் வண்டியை முன்மாதிரியாகக் கொண்டதுதான். ஆனால் கற்றதோடு நின்று விடவில்லை. 1954-இல் ஹோண்டா, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவில் நடக்கும் உலகப் புகழ் பெற்ற பந்தயத்தில் கலந்து கொள்ளப் போவதாக அறிவித்தார். 1959-இல் அவருடைய குழுவினர் முதன்முதலாக அங்கே போனார்கள். 125 கன சென்டிமீட்டர்ப் பிரிவில் ஆறாவது இடம் பெற்றார்கள். குழுப் பரிசையும் பெற்றார்கள். 1961-இல் 125, 250 ஆகிய இரண்டு பிரிவுகளிலும் முதலிடத்தைத் தட்டிக் கொண்டு வந்தார்கள்.

1958-இல் வெளிவந்த ஹோண்டா ‘ஸூப்பர் கப்’ என்னும் சின்ன வண்டி 2017-ஆம் ஆண்டுக்குள் 10 கோடிக்கு மேல் உற்பத்தியாகி விட்டது. 1969-இல் விற்பனைக்கு வந்த ‘ஸி.பி. 750’ வண்டியில் நான்கு ஸிலிண்டர்கள் வரிசையாக அமைந்திருந்தன. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் இருந்தது. அதுவரை பந்தய வண்டிகளுக்கே உரியவை என்று கருதப்பட்டவை சாதாரண மனிதர் வாங்கும் வண்டியில் வந்துவிட்டன. 1972-இல் கவாஸாகி 903 கன சென்டிமீட்டர் கொண்ட ‘இஸட் 1’ வண்டியைக் கொண்டு வந்தது. இன்று மேல்நாடுகளில் பழைய ஜப்பானிய வண்டி என்றவுடன் அன்பர்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

நம் நாட்டுக்கு வந்த விதம்

நம் நாட்டுக்கு இவை தாமதமாகவே வந்து சேர்ந்தன. அந்நியச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு மிகுந்திருந்த காலத்தில் ஒரு சில வண்டிகளே கப்பலேறி வந்தன. 1980-களில் கதவு திறந்தது. 1983-இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் யமஹாவின் ‘ஆர்.டி. 350’ வண்டியை ‘ராஜ்தூத் 350’ என்ற பெயரில் இங்கேயே செய்து விற்றார்கள். 1984-இல் நம் தமிழ்நாட்டு ஓசூரில் டி.வி.எஸ். கம்பெனியார் ஸுஸுகியுடன் கூடி ‘இண்ட்-ஸுஸுகி ஏ.எக்ஸ். 100’ வண்டியை வெளியிட்டார்கள். 1985-இல் ‘ஹீரோ ஹோண்டா ஸி.டி. 100’ வந்தது, அதே ஆண்டில் ‘யமஹா ஆர்.எக்ஸ். 100’ வந்தது. அடுத்து ‘கவாஸாகி பஜாஜ்’ வந்தது.

இவற்றுள் ராஜ்தூத் 350-இன் சரித்திரம் தனி. இரண்டு ஸிலிண்டர், 347 கன சென்டிமீட்டர், சுமார் 30 குதிரைச் சக்தி. நம்மவருக்கு அந்த வேகம் புதிது. ஜப்பானில் முன் சக்கரத்துக்கு வைத்திருந்த டிஸ்க் பிரேக்கை இங்கே எடுத்துவிட்டு டிரம் பிரேக்கை வைத்தார்கள். வேகம் அப்படியே இருந்தது. நிறுத்தும் சக்தி குறைந்தது. விலையும் அதிகம், பெட்ரோலையும் தாராளமாகக் குடித்தது. ஆகவே சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்று போயிற்று. ஆர்.எக்ஸ். 100 அப்படியல்ல. கல்லூரி மாணவர், வியாபாரி, போலீஸ்காரர் முதலிய எல்லோருடைய வீட்டு வாசலிலும் அது நின்றது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது, 1996-இல், அதன் உற்பத்தியும் நின்றது.

எஞ்சினின் சூட்சுமம்

வகுப்பறைப் பழக்கத்தால் இங்கே ஒரு சிறு பாடம் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளிற் பல ‘டூ ஸ்ட்ரோக்’ வகையைச் சேர்ந்தவை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் அச்சு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறைதான் பெட்ரோல் வெடித்துச் சக்தி பிறக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஆகையால் எஞ்சின் சிறிதாயிருந்தும் பலம் அதிகம். ஆனால் இதில் வழவழப்புக்கான எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. அதனால்தான் நீலப் புகை. எண்ணெய் கொஞ்சம் குறைந்தாலும், காற்று கொஞ்சம் கூடினாலும், பிஸ்டன் காய்ந்து ஸிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஓடுகிற ஓட்டத்தில் அப்படிக் கவ்வினால் பின் சக்கரம் இறுகிவிடும். அப்புறம் வண்டியும் ஓட்டுபவரும் எங்கே போய் விழுவார்கள் என்று சொல்ல முடியாது. எனவே இந்த எஞ்சினுடைய குணத்தை அறிவது வெறும் பொழுதுபோக்கல்ல. உயிர்க் காப்பும் ஆகும்.

நான் கண்ட கூட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். இருபது வயது வாலிபர் ஒருவர் தம் தகப்பனாரின் ஆர்.எக்ஸ். 100 வண்டியைக் கொண்டு வந்திருந்தார். நிறுத்தி வைத்திருக்கும்போது எஞ்சின் தானாக வேகமெடுத்து அலறியது. கார்புரேட்டரிலுள்ள ஜெட்டை மூன்று முறை மாற்றிப் பார்த்தும் பயனில்லை என்றார். கூட்டத்தில் அறுபது வயது கடந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் அருகே வந்து சிறிது நேரம் கேட்டார். பிறகு ஒரு குச்சியின் நுனியில் எண்ணெயைத் தொட்டு, கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர்க் குழாயின் மேல் வைத்தார். எஞ்சினின் ஓசை உடனே தணிந்தது.

“தம்பி, கார்புரேட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ரப்பர் வெடித்திருக்கிறது. காற்று திருட்டு வழியில் உள்ளே போகிறது. இப்படியே நீ நெடுஞ்சாலையில் ஓட்டியிருந்தால் பிஸ்டன் கவ்வியிருக்கும்” என்றார்.

“ஐயா, இந்த ரப்பருக்கு நான் எங்கே போவேன்? நாலு கடை ஏறி இறங்கி விட்டேன்” என்றார் வாலிபர்.

பக்கத்தில் நின்ற ஓய்வு பெற்ற பாங்கி உத்தியோகஸ்தர் ஒருவர் தம் வண்டியின் பையைத் திறந்தார். காகிதத்தில் சுற்றியிருந்த புதிய ரப்பர்க் குழாயை எடுத்து வாலிபர் கையில் வைத்தார். “எனக்கென்று இரண்டு வாங்கி வைத்தேன். ஒன்று போதும். இது உன்னிடம் இருக்கட்டும்” என்றார். விலை என்ன என்று கேட்டதற்கு, “உனக்கு ஒரு நாள் இரண்டு கிடைக்கும்; அப்போது ஒன்றை வேறொருவருக்குக் கொடு” என்று சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விட்டார்.

அந்த ரப்பர்க் குழாயின் விலை அற்பமே. ஆனால் அது இல்லாவிட்டால் வண்டி பழைய இரும்பு. ஒரு வேளை வாலிபரின் உயிருக்கே ஆபத்து. அதைக் கண்டுபிடித்த காதும், அதைக் கொடுத்த கையும் இரண்டு வேறு மனிதர்களிடம் இருந்தன. மூவரும் அன்று ஓரிடத்தில் கூடியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

எண்ணிலே அடங்கிய ரகசியம்

இத்தகைய அன்பர்கள் பகிர்ந்து கொள்ளும் செல்வங்களுள் முக்கியமானது உறுப்புக்களின் எண். ஜப்பானியக் கம்பெனிகள் திருகாணி முதல் எல்லா உறுப்புக்களுக்கும் தனித்தனி எண் கொடுத்துப் பட்டியல் அச்சிட்டார்கள். யமஹாவின் எண்ணில் முதல் மூன்று எழுத்துக்கள் அந்த உறுப்பு எந்த வண்டிக்காக முதலில் அமைக்கப்பட்டது என்பதைக் காட்டும். அடுத்த ஐந்து, அது என்ன உறுப்பு என்பதைக் காட்டும். ஹோண்டாவில் முதல் ஐந்து உறுப்பையும், நடுவிலுள்ள மூன்று வண்டியையும் குறிக்கும். இந்த இலக்கணம் தெரிந்தவர், தம் வண்டிக்குரிய ஓர் உறுப்பு வேறொரு வண்டியிலும் உபயோகப்பட்டிருக்கிறது என்று கண்டுகொள்வார். நம் ஊர் ராஜ்தூத் 350-க்குத் தாயான ஆர்.டி. 350, 1973 முதல் 1975 வரை மேல்நாடுகளில் விற்கப்பட்ட வண்டி. ஆகவே மதுரையில் இருப்பவருக்கு வேண்டிய ஒரு வளையம் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒருவருடைய அலமாரியில் இருக்கலாம். பட்டியலைப் பிரதி செய்து பகிர்ந்தவர்கள் இருவரையும் சேர்த்து வைக்கிறார்கள்.

இரண்டாவது செல்வம் உண்மை. பழைய வண்டிகளுக்கு விலை ஏறியதும் மோசடியும் ஏறிவிட்டது. சட்டத்திலுள்ள எண்ணை ராவிவிட்டுப் புதிய எண் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். திருட்டு வண்டியை நல்ல வண்டி என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று வண்டிகளின் உறுப்புக்களை ஒன்றாகக் கட்டி, ‘அசல்’ என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். எந்த ஆண்டு வண்டிக்கு எந்த வர்ணம், எந்த விளக்கு, எந்த எழுத்து என்பதைப் படத்தோடு பலர் பகிர்ந்து வைத்திருந்தால் ஏமாறுபவர் தொகை குறையும்.

பகிர்தல் பலமடைந்தால் கம்பெனிகளும் செவி சாய்க்கும். 2019-இல் கவாஸாகி, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய தன் இஸட் 1 வண்டிக்கு வேண்டிய ஸிலிண்டர் தலையை மறுபடி வார்த்து விற்க முன்வந்தது. அந்த வண்டிகளை உலகெங்கும் ஓடும் நிலையில் வைத்திருந்த சொந்தக்காரர்கள் இல்லாவிட்டால் அந்த வார்ப்புக்கு வாங்குவோர் ஏது?

காலம் நெருங்குகிறது

இப்போது ஆபத்துக்களைப் பார்ப்போம். முதலாவது சட்டம். 2021-இல் மத்திய சர்க்கார் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதிகள் செய்தார்கள். முதலில் பதிவான நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, அசல் உருவம் மாறாமல் இருந்தால் அந்த மரியாதை கிடைக்கும். 1983-ஆம் ஆண்டு ராஜ்தூத் 350 அந்தத் தகுதி பெற 2033 வரை காத்திருக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டு ஆர்.எக்ஸ். 100, 2035 வரை காத்திருக்க வேண்டும். அதுவரையில் அவை சாதாரணப் பழைய வண்டிகளே. பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துக் கொள்ள வேண்டும். இந்த இடைக்காலத்தில் அலட்சியத்தால் பழைய இரும்புக் கடைக்குப் போகும் வண்டிகள் எத்தனையோ!

இரண்டாவது எரிபொருள். இந்நாளில் பெட்ரோலுடன் 20 சதவீதம் எத்தனால் கலந்து விற்கிறார்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பழைய காலத்து ரப்பர்களைக் கெடுக்கக் கூடியது. மாதக் கணக்கில் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் கார்புரேட்டரில் தங்கும் பெட்ரோல் பிசினாகித் துவாரங்களை அடைத்துவிடும். தொட்டி உள்ளே துருப்பிடிக்கும். அழகான கூடத்தில் துணி போர்த்தி வைத்த வண்டி வெளியே மின்னும், உள்ளே சாகும்.

மூன்றாவது ஆபத்தே எல்லாவற்றிலும் பெரிது. அந்த அறுபது வயது மெக்கானிக்கின் காதில் இருக்கும் வித்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டு கார்புரேட்டர்களையும் ஒரே சீராகத் திறக்கச் செய்வது, பிளாட்டினம் முனைகளின் இடைவெளியைப் பார்ப்பது, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனுக்கு ஸிலிண்டரைக் கடைவது — இவற்றைச் செய்தவர்கள் மூப்படைந்து வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். நம் நாட்டில் எத்தனையோ மருந்தும் வித்தையும் ‘மகனுக்கும் சொல்லேன்’ என்று பூட்டி வைத்ததால் மறைந்து போயின. இந்த வித்தைக்கும் அந்தக் கதி வர வேண்டுமா?

ஒரு ஆட்சேபம்

“புகையும் இரைச்சலும் மிகுந்த வண்டிகளைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டுமா? காலம் மின்சார வண்டிகளுக்கு வந்துவிட்டதே!” என்று கேட்கும் நேயர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. டூ ஸ்ட்ரோக் வண்டி புதிய வண்டியைவிட அதிகமாகக் காற்றைக் கெடுக்கிறது என்பது உண்மை. தினந்தோறும் ஆபீஸுக்கும் கடைக்கும் போய்வர அவற்றை உபயோகிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சத்தக் குழாயை அறுத்துவிட்டு நள்ளிரவில் தெருவை எழுப்புகிற வாலிபர்களுக்கும், நெடுஞ்சாலையைப் பந்தயத் திடலாக்குகிறவர்களுக்கும் நான் வக்கீல் அல்ல. பழைய பிரேக்கை வைத்துக்கொண்டு புதிய வேகம் காட்டுவது வீரமாகாது.

ஆனால் மாதத்துக்கு இரண்டு முறை, பதமாகப் பராமரித்த வண்டியை முப்பது மைல் ஓட்டுவதால் உலகம் முழுகிவிடாது. மாறாக, ஒரு தோற்ற தேசம் பதினாறே ஆண்டில் உலகப் பந்தயத்தில் முதலிடம் பெற்ற விதத்தை அந்த எஞ்சின் கண் முன்னே காட்டுகிறது. ஜப்பானியர் தங்கள் பழைய வண்டிகளை எப்படி மதிக்கிறார்கள் பாருங்கள். மோட்டேகியில் 1998-இல் ஹோண்டா கம்பெனியார் திறந்த காட்சிசாலையிலுள்ள வண்டிகளை வெறும் பொம்மைகளாக நிறுத்தாமல் ஓடும் நிலையில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். நம் ஓசூரில் செய்த வண்டிக்கும், நம் மெக்கானிக்குகளின் கைத்திறனுக்கும் அந்த மதிப்பில் கால் பங்காவது நாம் கொடுக்கலாகாதா?

செய்யத் தக்கவை நான்கு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது அதை ஓட்டட்டும்; கையேடும் பட்டியலும் வைத்திருப்பவர்கள் பிரதி எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கட்டும். முதிய மெக்கானிக்குகளின் அருகே உட்கார்ந்து அவர்கள் சொல்வதை நல்ல தமிழில் யாராவது எழுதி வைக்கட்டும். பேச்சையும் எஞ்சின் ஓசையையும் பதிவு செய்து வைக்க இக்காலத்தில் கைப்பேசியே போதும். தொழிற்பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சொந்தக்காரர்களை அழைத்து, ஓர் எஞ்சினை மாணவர்கள் எதிரில் பிரித்துக் காட்டச் செய்யட்டும். கரும்பலகையில் நான் ஒரு மணி நேரம் வரைவதை அது பத்து நிமிஷத்தில் விளக்கிவிடும்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை, மனம்தான் வேண்டும். நேயர்கள் வீட்டுத் தாழ்வாரத்திலும் தகப்பனாரோ மாமாவோ விட்டுச் சென்ற வண்டி ஒன்று தூசி படிந்து நிற்கலாம். பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதைத் தள்ளிக்கொண்டாவது இந்த அன்பர்களிடம் போங்கள். திரும்பி வரும்போது பெரும்பாலும் அதை ஓட்டிக்கொண்டே வரலாம்.